பேசாதவர் வீட்டுத் தொலைபேசி

நாமக்கல் டெலிபோன் ஆபீஸ் கவுன்டரில் புதிதாக உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். எனக்கு முன்னால் பேசியவர் வாடிக்கையாளரைப் பார்த்து எப்படிப் புன்னகைப்பது என்று வகுப்பெடுத்தார். எத்தனை பல் தெரியலாம் என்பதற்குப் படம்கூடப் போட்டுக் காட்டினார். அவர் முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது. டீ முடிவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. ஓய்வு பெற்றவள் பேசாவிட்டால் குடி முழுகிவிடாது என்று யாரோ முடிவு செய்திருப்பார்கள். ஆகவே எழுதி அனுப்புகிறேன். கடிதத்தைக் கலைக்க டீயால் முடியாது.

கவுன்டரில் இருந்த காலத்தில் சிரித்த முகம் என்று நான் பேர் வாங்கியதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டே தப்பான லைனை வெட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வயதானவர் வீட்டுப் போன் செலவைக் குறைக்க வேண்டும் என்று வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த வயதானவரை யாரும் கூட அழைத்து வருவதில்லை. அவர் ஆதாரின் நகல் வரும், பில் வரும், கையெழுத்து வரும். ஆள் மட்டும் வரமாட்டார். அவருக்கு உடம்பில் ஏதாவது குறை இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கால் போனவருக்குக் கருத்தும் போய்விட்டது, கண் போனவருக்கு விருப்பமும் போய்விட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, "அவருக்கு எதுக்குங்க வீண் செலவு?" என்று உருகுவார்கள். நம் ஆட்களும் கூடச் சேர்ந்து உருகிவிட்டு, விண்ணப்பத்தில் முத்திரை குத்துவார்கள்.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு சூப்பர்வைசர். பேர் சொன்னால் மேலோகத்தில் இருந்துகொண்டே மெமோ அனுப்பக்கூடிய ஆசாமி என்பதால் சொல்லவில்லை. யார் லைன் வேண்டாமென்று ஒப்படைக்க வந்தாலும் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த எண்ணுக்கு ஒரு முறை அடித்துப் பார்ப்பார். "வெட்டறதுக்கு முன்னாடி ஒரு மணி. செத்தவங்க வீடா இருந்தாலும் ஒரு மணி" என்பார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாங்கள் இளசுகள் அவருக்குப் பின்னால் சிரிப்போம். பிறகு எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது.

ஒருவர் காரில் வந்து இறங்கினார். சலவைச் சட்டை, விரலில் மோதிரங்கள். கார் சாவியைக் கவுன்டரின் மேல் வைத்தார். வைத்தார் என்றா சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார். திருச்செங்கோட்டில் சொந்தமாக ரிக் லாரிகள் ஓட்டுகிறவர். அவை போர்வெல் போடப் போகாத மாநிலம் இல்லை என்று கேட்காமலே சொன்னார். அவர் கம்பெனிக்கு நம்மிடம் ஏகப்பட்ட இணைப்புகள் இருந்தன. அதையும் சொன்னார். வந்த காரியத்தைக் கடைசியாகச் சொன்னார்.

புதுச்சத்திரம் பக்கம் தோட்டத்தில் அவருடைய சித்தப்பா தனியாக இருக்கிறார். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. குரல் கிடையாது. படிப்பும் கிடையாது, கையெழுத்து மட்டும் போடுவார். அந்த வீட்டுப் போன் பில் தாங்க முடியவில்லையாம்.

"நீங்களே சொல்லுங்க மேடம். பேச முடியாதவருக்கு எதுக்குங்க போனு?"

என் பக்கத்து நாற்காலியில் இருந்த தம்பி பொறியியல் படித்தவர், கெட்டிக்காரர், அப்போது நடந்த புன்னகை வகுப்பில் முதல் மாணவர். "கரெக்டுதான் சார்" என்று சிரித்துக்கொண்டே முத்திரைக்குக் கை நீட்டினார். நான் விண்ணப்பத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். கூடவே பில்லையும் பார்த்தேன்.

பில்லில் முக்கால்வாசி இன்டர்நெட்டுக்குப் போயிருந்தது. அதுவும் அதிவேக இன்டர்நெட். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த, தனியாக இருக்கும் மனிதருக்கு எதற்கு அதிவேகம் என்று கேட்டேன்.

"அது எனக்குங்க. சித்தப்பா ஊட்லயும் மோட்டார் ரூம்லயும் கேமரா போட்டிருக்கேன். வடக்க எங்க போனாலும் செல்லுல பார்த்துக்கலாமுங்க. நெட் அப்படியே இருக்கட்டும். போனை மட்டும் எடுத்துருங்க."

போனை எடுத்தால் பில்லில் ஒரு டீயும் ஒரு வடையும்தான் குறையும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இவர் யானையைத் தனக்கு வைத்துக்கொண்டு அங்குசத்தைச் சித்தப்பா கையிலிருந்து பிடுங்க வந்திருந்தார். மாற்றுத்திறனாளி அட்டை காட்டினால் வாடகையில் சலுகை உண்டு, வாங்கியிருக்கிறீர்களா என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நம் கவுன்டரில் கேட்டால்கூடப் பாதிப் பேர் சொல்வதில்லை, கேட்காமல் யார் சொல்லப் போகிறார்கள்!

அவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேமராவுல பார்த்துட்டுத்தானுங்க வந்தேன். தெனமும் காத்தால ரிசீவரைக் காதுல வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்கார்ந்திருக்காரு. வாயே அசையறதில்ல. மேசையத் தட்டறாரு. தானாச் சிரிக்கறாரு. கிறுக்குப் புடிச்சிருச்சோன்னு பயமா இருக்குதுங்க."

"கேமராவில் சத்தம் வராதுங்களா?"

"அது வெலை எச்சுங்க. நான் வாங்குனது படம் மட்டுந்தான்."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிக்கனக்காரரின் பெருமை இருந்தது.

நான் ஸ்பீக்கரைப் போட்டு அந்த எண்ணுக்கு அடித்தேன். ரிசீவரை எடுத்தார்கள். பேச்சில்லை. பிறகு டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு. "லைன் நாய்ஸ் மேடம், வெச்சிருங்க" என்றார் நம் முதல் மாணவர். நான் வைக்கவில்லை. நாமக்கல் டெலிபோன் ஆபீசிலிருந்து பேசுகிறேன் என்றேன். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "ஐயா, நான் பேசறது கேக்குதுங்களா? கேட்டா ஒருக்கா தட்டுங்க" என்றேன்.

டொக்.

"இந்தப் போன் உங்களுக்கு வேணுங்களா? வேணும்னா ஒருக்கா, வேண்டாம்னா ரெண்டு."

கேட்டு முடிப்பதற்குள் தட்டினார். ஒரே ஒரு தட்டு. பலமான தட்டு.

காரில் வந்தவர், அதாவது அந்தப் பெரியவரின் அண்ணன் மகன், ஸ்பீக்கரை முறைத்தார். "தோட்டத்து ஆளுங்க யாராச்சும் தட்டியிருப்பாங்க. அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாருங்க. அப்புறம் என்ன?" என்றார். சாவியை எடுத்துக்கொண்டு நேராக அதிகாரியின் அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு லைனை ஒப்படைப்பதற்கு இத்தனை விசாரணையா, அவர் கம்பெனி இணைப்புகள் எல்லாம் போய்விட்டால் நீங்களா பொறுப்பு என்று அதிகாரி கேட்டார். அவர் கவலை அவருக்கு. அந்தக் கவலைக்கு ஏசி அறை, சுழல் நாற்காலி எல்லாம் உண்டு.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு வேலை ஆரம்பிக்கிறது. கையெழுத்து சரி, காகிதம் சரி, அதிகாரி சொல்லிவிட்டார், வாடிக்கையாளர் பெரிய புள்ளி. வெட்டினால் ஒருவரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. வெட்டாவிட்டால் எல்லோரும் கேட்பார்கள். பழியோரிடம் பாவமோரிடம் என்று ஒதுங்கிக்கொள்ள இதைவிட வசதியான நாற்காலி கிடையாது. எனக்கு உள்ளுக்குள் ஆத்திரம் பொங்கியது. ஆனால் ஆத்திரம் எதையும் தள்ளிப்போடாது. விதிதான் தள்ளிப்போடும்.

"வெட்டிடலாங்க சார்" என்றேன். "உடல் குறை உள்ளவர் லைன்னா ஆளை நேர்ல பார்த்துட்டுத்தான் வெட்டணும்னு ஒரு விதி இருக்குது. நான் சேலத்துக்கு வீட்டுக்குப் போற வழிதானே, இன்னைக்கே பார்த்துட்டு எழுதிடறேன்."

அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று யாரும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இல்லை. அதிகாரிக்கும் தெரியவில்லை. புத்தகத்தைப் படித்திருந்தால்தானே தெரியும்?

அண்ணன் மகன் தன் காரிலேயே கூட்டிப்போனார். போகிற வழியில் ஒரு மொபைல் வாங்கி, சிம்மும் போட்டுக்கொண்டார். "மொபைல் குடுத்துட்டா லைன் எதுக்குங்க? அவருக்கும் குறையில்ல, நமக்கும் செலவில்ல" என்று சாலை முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். பேச முடியாதவருக்குப் போன் எதற்கு என்றவர், இப்போது பேச முடியாதவருக்கு மொபைல் வாங்கிக்கொடுக்கிறோமே என்று யோசிக்கக்கூட இல்லை.

தோட்டத்து வீடு. வாசலிலேயே சித்தப்பா நின்றிருந்தார். நெட்டையான மனிதர், கையில் தடி, கழுத்தில் துளையை மறைத்து ஒரு வெள்ளைத் துணி. இளவயதில் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போனவராம். அந்தத் தொழிலை அண்ணன் மகனுக்குக் காட்டிவிட்டவரும் அவர்தானாம். கூடத்தில் ஒரு மேசை, அதன் மேல் பழைய போன். சுவரோரம் பச்சை விளக்கு மினுக்கும் இன்டர்நெட் பெட்டி. கதவுக்கு மேலே கேமரா. அது நேராக அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

தினமும் காலையில் யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேள்வியின் லட்சணம் எனக்கே உறைத்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ரிசீவரை எடுத்து, பார்க்காமலே எண்ணை அழுத்தி, என் காதில் கொடுத்தார்.

"ஏண்ணா, இந்நேரத்துல கூப்புடறே? ஒடம்புக்கு ஆகுலியா?" என்று ஒரு பெண் குரல் பதறியது.

நான் யாரென்று சொன்னேன். அவர் சித்தப்பாவின் தங்கை. திருச்செங்கோட்டில் இருக்கிறார். நம் அண்ணன் மகனுக்குச் சொந்த அத்தை.

"நான் காத்தால கூப்புடுவேன் அம்மிணி. எங்கூட்டுலயும் இதே மாதிரி பழைய போனுதான். சோறு உண்டியா, மாத்திரை போட்டியான்னு கேப்பேன். ஒருக்கா தட்டுனா ஆமா, ரெண்டு தட்டுனா இல்ல. அப்புறம் ஊருக் கதையெல்லாம் சொல்லுவேன், சிரிச்சுக்கிட்டுக் கெடக்கும். மூணு தட்டுனா, நான் நல்லாத்தான் இருக்கேன், போனை வையின்னு அர்த்தம்."

"ஒருநாள் தட்டலைன்னா?"

"பக்கத்துத் தோட்டத்துக்காரங்களுக்குப் போனடிச்சு ஓடச் சொல்லுவேன். போன மழைக்கு மயங்கி உழுந்து கெடந்தப்ப அப்படித்தான் காப்பாத்துனோம். இல்லீன்னா எங்கண்ணன் எனக்கு ஏது சாமி? அந்தத் தட்டுதான் அதோட உசுரு."

அத்தை சொன்னதை நான் எடுத்துச் சொன்னதும் அண்ணன் மகன் விழித்தார். "அத்தையா?" என்றார். தன் சித்தப்பா விழுந்து கிடந்ததே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கேமரா இருந்ததே என்றேன். அந்த வாரம் ஒரிசாவில் சிக்னல் இல்லை என்றார். சுதாரித்துக்கொள்ள அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. என்னிடமிருந்து ரிசீவரை வாங்கினார்.

"அத்தே, இதெல்லாம் பழைய காலத்துச் சாமானம். சித்தப்பாவுக்குப் புதுசா செல்லு வாங்கியிருக்கேன். நெம்பரு சொல்றேன், அதுல கூப்புடுங்க. இங்கிருந்து தட்டுவாரு, சரீங்களா?"

எண்ணைச் சொல்லிவிட்டு வைத்தார். மொபைல் அடித்தது. பச்சைப் பட்டனைத் தொட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, சித்தப்பா கையில் பெருமையாகக் கொடுத்தார்.

"அண்ணா, கேக்குதா?"

சித்தப்பா மேசையைத் தட்டினார்.

"அண்ணா? தட்டுண்ணா."

தட்டினார். மேசையை விட்டு மொபைலின் முதுகிலேயே தட்டினார். விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத் தடியின் பிடியால் தட்டினார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன், எனக்குக் காது அடைக்கிறது. அந்தப் பக்கம் எதுவும் போகவில்லை.

"அண்ணா! ஏண்ணா தட்ட மாட்டீங்கறே? அய்யோ, எங்கண்ணனுக்கு என்னமோ ஆயிப்போச்சே! ஏனுங்க, யாராச்சும் இருக்கீங்களா?"

விஷயம் இதுதான். இப்போதைய மொபைல்கள் பலவற்றில் சுற்றுப்புறச் சத்தத்தை அமுக்கிவிட்டு, குரலை மட்டும் அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. பேருந்து நிலையத்தில் நின்று பேசுகிறவருக்கு அது நல்லதுதான். ஆனால் அந்த மொபைலுக்குக் குரல்தான் மனிதர். தட்டுவது வெறும் இரைச்சல். அண்ணன் மகனுக்கும் அந்த மொபைலுக்கும் ஒரே புத்தி.

அத்தை சொன்னதைக் கேட்டதுமே நான் இதைச் சந்தேகப்பட்டேன். வாயால் சொல்லியிருக்கலாம். காரில் கூட்டிவந்த ஆளுக்கு வாய் வார்த்தை ஏறாது என்பதால் நடக்கட்டும் என்று விட்டேன். ஆனால் அந்தப் பெரியவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தங்கை அழுவது அவர் காதில் விழுகிறது. "இருக்கிறேன்" என்று சொல்ல வழியில்லை. வாயைத் திறந்தார். காற்றுகூட வாய் வழியாக வரவில்லை, கழுத்துத் துணிதான் படபடத்தது. மொபைலைப் பக்கத்துக் கட்டிலில் எறிந்துவிட்டுப் பழைய போனை எடுக்கப் பாய்ந்தார். தடி கீழே விழுந்தது.

அவர் எடுப்பதற்கும் அது அடிப்பதற்கும் சரியாக இருந்தது. தங்கையும் இந்த எண்ணுக்குத்தான் ஓடி வந்திருக்கிறார். பெரியவர் ரிசீவரின் வாயிலேயே தட்டினார். டொக், டொக், டொக்.

ரிசீவருக்கு வெளியே எங்களுக்கும் கேட்டது. "பாவி அண்ணா! என்ற உசுரே போயிருச்சு! எந்தக் கேனையன் அந்தச் செல்லை உங்கிட்டக் குடுத்தான்?"

பெரியவர் அண்ணன் மகனைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, தோள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கேனையன் யாரென்று சொல்ல ஒரு தட்டும் தேவைப்படவில்லை.

இவ்வளவு நடந்த பிறகாவது அண்ணன் மகன் தலையைக் குனிவார் என்று நீங்கள் நினைத்தால், அப்படிப்பட்டவர்களோடு நீங்கள் பழகியதில்லை என்று அர்த்தம். அவர் கேட்டது இதுதான்: "இன்னுங் கொஞ்சம் நல்ல செல்லா வாங்குனா தட்டறது போகுங்களா மேடம்?"

"செலவைக் குறைக்கோணும்னு வந்தீங்க" என்றேன். "குறைச்சிடலாங்க. லைன் உங்க பேருல இல்ல, சித்தப்பா பேருல இருக்குது. அவரையே கேட்டுடலாம்."

பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, பில்லை அவருக்கு விளக்கினேன். போனுக்கு ஆவது கொஞ்சம், அட்டை காட்டினால் அதுவும் குறையும். பெரும் பகுதி அந்தப் பச்சை விளக்குப் பெட்டிக்குப் போகிறது. அது வழியாகத்தான் கேமராவில் படம் போகிறது. இதில் எது உங்களுக்கு வேண்டும், எது வேண்டாம்? அண்ணன் மகன் குறுக்கே வந்தார். "அதெல்லாம் அவருக்குப் புரியாதுங்க..."

பெரியவர் குனிந்து தடியை எடுத்தார். மெதுவாக எழுந்தார். போன் மேசைக்குப் போய், தடியின் பிடியால் மேசையை ஒரு தட்டுத் தட்டினார். அங்கிருந்து சுவரோரம் நடந்து போய், பச்சை விளக்குப் பெட்டியின் தலையில் நிதானமாக இரண்டு தட்டுத் தட்டினார்.

"சித்தப்பா, அது கேமராவுக்குங்க!"

பெரியவர் திரும்பி, கதவுக்கு மேலிருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி இரண்டு தட்டினார்.

அங்கேயே புது விண்ணப்பம் எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, ஒரு தட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் கையெழுத்துக்குப் பேனாவைக் கொடுத்தேன். இன்டர்நெட்டை வெட்டினேன், போனுக்குச் சலுகை வாங்கிக்கொடுத்தேன். பில் வெகுவாகக் குறைந்தது. அண்ணன் மகன் கேட்டு வந்ததை அப்படியே செய்துகொடுத்த ஊழியரைப் பற்றி அவர் மேலிடத்துக்குப் புகார் அனுப்பினார். அதிகாரி என்னிடம் விளக்கம் கேட்டார். வாடிக்கையாளரின் விருப்பப்படி செலவு குறைக்கப்பட்டது என்று ஒரே வரியில் எழுதிக்கொடுத்தேன். கம்பெனி இணைப்புகள் எதுவும் போகவில்லை. வேறு இடத்தில் வாங்கினால் செலவு அதிகம் என்று அவருக்கே தெரியும்.

அடுத்த வாரம் நம் முதல் மாணவர் கவுன்டரில் ஒரு விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, முத்திரையைத் தொடாமல் போனை எடுத்ததைப் பார்த்தேன். மணி போனது. எடுத்தார்கள். "ஹலோ" என்றார். பதில் இல்லை. வழக்கம்போல வைக்கப் போனார். பிறகு என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் முகத்தில் புன்னகை இல்லை. முதன்முறையாக எனக்கு அவரைப் பிடித்தது.

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், வராவிட்டால் விடுங்கள். வெட்டுவதற்கு முன்னால் ஒரு மணி அடியுங்கள். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லையென்றால் சட்டென்று வைத்துவிடாதீர்கள்.